படத்துக்குக் கீழே நாலு வரி

"தீர்ப்பெல்லாம் சொல்ல வேண்டாம்மா. நாலே வரி. நாலு மணிக்குள்ள குடுத்துடு," என்றார் அருங்காட்சியக இயக்குநர்.

நாலே வரியாம்! தேசத்தை உருவாக்கின மனிதர் நல்லவரா கெட்டவரா என்று நாலு வரியில் எழுதுவது அவ்வளவு லேசா? படங்களுக்குக் கீழே குறிப்பு எழுதுவதுதான் அவளுடைய வேலை. பதினோரு வருஷத்தில் இப்படி மாட்டிக்கொண்டதே இல்லை.

விஷயம் இதுதான். 'எந்த மனிதனும் இன்னொருவனுக்கு அடிமை இல்லை' என்று சட்டம் எழுதியவர் அந்தத் தலைவர். போன மாதம் ஒரு பழைய பெட்டிக்குள் அவர் தம்பிக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. வீட்டுச் சமையல்காரன் ஓடிவிட்டான், பிடித்துக் கட்டி இழுத்து வா என்று கைப்பட எழுதியிருந்தார்.

பத்திரிகைகள் விடுமா? படத்தை இறக்கு என்று பாதிப் பேர், கடிதத்தைக் கொளுத்து என்று மீதிப் பேர். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கீழே ஒரு குறிப்பு அட்டை மாட்டிவிடலாம் என்றார் இயக்குநர். வேலை அவள் தலையில் விழுந்தது.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றிப் பேசித்தான் முதல் பரிசு வாங்கினாள். இத்தனை வருஷம் ஏமாந்துவிட்டோமே என்ற கோபத்திலேயே முதல் அட்டையை எழுதினாள்.

வாசல் காவலாளி எட்டிப் படித்தார். முகம் சுண்டிப்போனது.

"என்னம்மா, இப்படிக் கிழிச்சு வச்சிருக்கே? எங்கப்பா கைநாட்டு. அவருக்கும் ஒரு ஓட்டுன்னு குடுத்தது இவர்தானே?"

"கட்டி இழுத்துட்டு வரச் சொன்னதும் இவர்தானே அண்ணே?"

"அதுவும் சரிதான்." அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப ரெண்டுல எது நிஜம்?"

அது தெரிந்தால் அவள் ஏன் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறாள்? வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

"நூறு வருஷம் கழிச்சு, நீ உன் தம்பிக்கு அனுப்பின மெசேஜை யாராவது படிச்சா உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார் அவர்.

"அதுல என்ன இருக்கு?"

"எங்கம்மாவைப் பத்தி இருக்கு."

போனை வைத்துவிட்டாள். குழப்பம் இன்னும் ஒரு சுற்று பெருத்தது.

இரண்டாவது அட்டையில் கொஞ்சம் இறங்கி வந்து, 'அந்தக் காலத்து வழக்கப்படி' என்று சேர்த்தாள். இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தக் காலத்துலயும் கட்டினா வலிக்கும்லம்மா?"

"வலிக்கும் சார்."

"அப்ப இது சமாளிப்பு. வேற எழுது."

மூன்றாவது அட்டை இப்படி வந்தது: 'மாபெரும் தலைவர். விடுதலைச் சட்டத்தை இயற்றியவர். தம் வீட்டுச் சமையல்காரருக்கு அநீதி இழைத்தவர். இரண்டும் உண்மை.' தலைவரே அவன் இவன் என்று எழுதியிருக்க, தான் மரியாதையாகச் சமையல்காரர் என்று போட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மூன்றரை மணிக்கு ஓர் அம்மாள் வந்தார். கழுத்தில் அளவு நாடா. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

"அந்தச் சமையல்காரர் எங்க தாத்தாவோட அப்பா," என்றார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அக்கா, இந்தப் படம் இங்க இருக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானே இறக்கிடுறேன்."

"படத்தை என்னமோ பண்ணிக்கோங்க. நான் அந்தக் கடுதாசியைப் பார்க்கணும். அதுல அவர் பேரு இருக்கா?"

"உங்களுக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாதும்மா. அந்த வீட்லேர்ந்து ஓடி வந்தவர்னு மட்டும் சொல்வாங்க. பிடிச்சுடுவாங்கன்னு பயந்து பேரை மாத்திக்கிட்டாராம். சொந்தப் பேரைப் பெத்த புள்ளைங்ககிட்டகூடச் சொல்லலை. பேப்பர்ல போட்டிருப்பாங்கன்னு பார்த்தேன். 'ஒரு சமையல்காரர்'னு இருந்துச்சு, அவ்ளோதான்."

கடிதத்தைப் பத்துத் தடவை படித்தவள் அவள். எந்த வரியில் மை சிந்தியிருக்கிறது என்பதுவரை மனப்பாடம். அந்தப் பெயர் மட்டும் ஞாபகம் வரவில்லை.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினாள். இரண்டாவது வரியிலேயே இருந்தது. அம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் வாய்விட்டுப் படித்தார். கண் நிறைந்துவிட்டது.

"நல்ல பேரும்மா. இனிமே வர்றவங்க எல்லாரும் படிப்பாங்க இல்ல? நீங்க மாட்டப்போற அட்டையில எங்க போட்டிருக்கீங்க, காட்டுங்க."

அவள் மேசையைப் பார்த்தாள். மூன்று அட்டைகள். ஒன்று தலைவரைத் திட்டியது, ஒன்று தாங்கியது, ஒன்று இரண்டையும் செய்தது.

சமையல்காரரின் பெயரை எழுதியிருந்தவர், அவரைக் கட்டி இழுத்து வரச் சொன்ன அந்தத் தலைவர் ஒருவர்தான்.