தகர டப்பாவும் தாகமெடுத்த படகும்

கோடை முழுவதும் கரையில் கவிழ்ந்து கிடந்த சின்ன மரப்படகுக்கு நீல வர்ணமும் புது இருக்கையும் கிடைத்தன. சொந்தக்காரர் அதை ஏரியில் இறக்கி, கயிற்றால் முளையில் கட்டி வைத்தார். மாலையில் சவாரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் பலகை இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது. தண்ணீர் இறைக்க உள்ளே போட்டிருந்த தகர டப்பாவுக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ, என் கண்ணு, என் படகு முழுகப் போகுது!" என்று அள்ளி அள்ளிக் கொட்டியது. "கயிற்றண்ணே, கரைக்கு இழுங்களேன்!"

"எனக்குப் பிடிச்சுக்கத்தான் தெரியும் தங்கச்சி, இழுக்கத் தெரியாது," என்றது கயிறு. "நீ ஏரியையே காலி பண்ணிடுவ போலிருக்கே!"

படகு சிணுங்கியது. "அம்மா, கொஞ்சம் குடிக்க விடேன். வெயில்ல காய்ஞ்சு பலகையெல்லாம் சுருங்கிக் கிடக்கு."

"குடிச்சு முழுகிட்டா?"

"இங்க முழங்கால் தண்ணிதான். கயிறு மாமாவும் பிடிச்சிருக்காரு."

டப்பா அள்ளுவதை விட்டுவிட்டு இருக்கைக்கு அடியில் ஒதுங்கியது. தண்ணீர் ஏற ஏற, கண்ணை மூடித் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னது.

வெயில் சாய்ந்தபோது கண்ணைத் திறந்தது. ஊறிய பலகைகள் உப்பி, ஒன்றோடொன்று இறுகியிருந்தன. தேங்கியதை இறைத்துவிட்டுக் காத்திருந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

சொந்தக்காரர் வந்து கயிற்றை அவிழ்த்து உள்ளே போட்டார். படகு நடு ஏரிக்குத் துள்ளிக்கொண்டு போனது.

"அம்மா, இன்னும் பயமா?"

"பேசாம முன்னாடி பாத்துப் போ!"

ஒவ்வோர் அலைக்கும் காலி டப்பா கடகடவென்று உருண்டது. தங்கச்சி சிரிக்கிறாள் என்று கயிறு நினைத்துக்கொண்டது.