அட்டையில் தபால்காரர்

புத்தகக் கண்காட்சியில் ஒரு துப்பறியும் நாவலின் அட்டைக்குத் தன்மேல் ஏகப்பட்ட பெருமை. வரைந்தவர் கடைசிப் பக்கம்வரை படித்த மனிதர். அதனால் கொலைகாரத் தபால்காரரை விஷப் பாட்டிலும் கையுமாக அப்படியே வரைந்திருந்தார்.

வந்தவர்கள் எல்லாரும், "ஓ, தபால்காரர்தானா?" என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

"முந்நூறு பக்கம் பொத்திப் பொத்தி வெச்சதைப் போட்டு உடைச்சிட்டியே! இனிப் பழைய பேப்பர் கடைதான்" என்றது கடைசிப் பக்கம்.

"உனக்கு ரசனை போதாது" என்றது அட்டை.

கடைசி நாள் கடைக்காரர் பெரிய தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டினார். தபால்காரர் மறைந்துபோனார், பாட்டில் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

"இது யார் கை?" என்று ஓர் அம்மாள் உடனே வாங்கிக்கொண்டார்.

பைக்குள் அட்டை சொன்னது: "பாத்தியா, என் ஓவியம் பேசுது!"

"அந்தம்மா இன்னும் படிக்கல. பேசாம வா" என்றது கடைசிப் பக்கம்.