இளவரசி கொடுத்த முத்தம்

படம் பார்த்துவிட்டு மனைவியோடு வீடு வந்து சேர்ந்தான். உள்ளே நுழைந்ததும் கைப்பையை மேசைமேல் வீசினாள்.

“நாவலை ஒரு வரி விடாமப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் உங்களை நடிக்க அனுப்பினேன். அதுல இளவரசி கழுத்தைத் தடவிக் கொடுக்கறதோட சரி. படத்துல முத்தம் எங்கிருந்து வந்துச்சு?”

“டைரக்டர் புதுசா சேர்த்துட்டாரும்மா. நான் என்ன பண்ண?”

“நகர்ந்திருக்கலாம்ல? வாங்கிக்கறதுக்குன்னே பிறந்த மாதிரி நிக்கறீங்க. தியேட்டரே விசில் அடிக்குது, எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது.”

 அடுத்த வாரம் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. இவள் முறுக்கிக்கொண்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

“என்மேல நம்பிக்கை இல்லைன்னா உன் தம்பியைக் கேளு. ஷூட்டிங் முழுக்க என் பின்னாலேயேதானே இருந்தான்.”

உடனே தம்பியைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமா மேல தப்பே இல்லக்கா,” என்றான் தம்பி. “அந்தப் பறக்கும் குதிரைக்குள்ள ஒரே இருட்டு. மாமா முன்னங்கால், நான் பின்னங்கால். அந்தப் பொண்ணு முத்தம் கொடுத்தது ரப்பர் மூக்குல. எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு முதுகு போனதுதான் மிச்சம்.”

மனைவி போனை வைத்தாள்.

“சரி, ரெண்டாம் பாகத்துலயும் நடிங்க,” என்றாள்.

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஆனா நீங்க பின்னங்காலுக்குப் போயிடுங்க. முன்னால தம்பி நிக்கட்டும். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை.”