பசை போட்டு ஒட்டிய சைலன்சர்

எங்கள் துப்பாக்கி ரிப்பேர் கடையில் மருமகள் ஏர்கன்னை வைஸ் பிடியில் இறுக்கி, குழல் முனையில் சத்தம் குறைக்க இருக்கும் சைலன்சருக்குச் சூடு காட்டுகிறாள். அதை மரையில் திருகி மாட்டினாலே போதும். நம் வேலையில் வெளியாள் கை படக்கூடாது என்று, போன வருடம் சுத்தம் செய்த கையோடு பசை போட்டு நிரந்தரமாக ஒட்டியவன் நான். இப்போது சுடுகிற குண்டெல்லாம் குறி தவறுகிறது. மதியம் போட்டி. துப்பாக்கியைக் கொண்டு வந்த, சுடும் கிளப்புக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் வாசலுக்கும் மேஜைக்குமாக நடக்கிறார். என்னாலும் உட்கார முடியவில்லை. கருகும் பசை நெடி மூக்கில் ஏறுகிறது. அவள் துணியைச் சுற்றித் திருக, சைலன்சர் கிறீச்சென்று அசைந்து ஒருவழியாகக் கழன்று வருகிறது. உள்ளே ஒரு தட்டு முன்பின் மாறி இருக்கிறது. குண்டு போகும் அதன் துளையோரம் ஈயம் உரசிப் பளபளக்கிறது. அவள் என் பக்கம் பார்க்காமலே அதைத் திருப்பிப் போடுகிறாள். “எந்தப் புண்ணியவான்மா இதை இப்படி ஒட்டி வச்சது?” என்று பயிற்சியாளர் சிரிக்கிறார். “யாரோ பழைய மெக்கானிக் சார், விடுங்க” என்கிறாள். நாற்பது வருடமாகக் கடைப் பலகையில் என் பெயர் இருக்கிறது, யாரோவாம். நான் மேஜையருகே போய் நிமிர்ந்து நிற்கிறேன். “யாரோ இல்லைங்க, நான்தான். உள்ள தட்டை மாத்திப் போட்டதும் நான்தான்.”