முதுகில் எழுதிய வாசனை

"எங்க இருக்குக்கா? ஒண்ணும் தெரியலையே."

"கண்ண அப்படி இடிக்காதடா. கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரு."

அக்கா தன் ஆய்வக நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்பினாள். எலிக்கருவின் மூளை, சீவிய காளான் துண்டு போல, வெளிச்சத்தில் தெளிந்து வந்தது. முன்பக்கத்தில் ஊதா நிறத்தில் இரண்டு சிறு திட்டுகள்.

ஊதா என்றால் அந்த இடத்தில் மரபணு விழித்து வேலை செய்கிறது என்று பொருள். கரு உண்டானது தாய்க்கே தெரியாத நாட்களில் அது விழிக்க வேண்டும். விழித்தால்தான் மூளையில் வாசனைக்கான இடம் உருவாகும். அப்போது தவறினால் பிறகு எப்போதும் இல்லை.

தம்பியின் ரத்தப் பரிசோதனையில் பழுது என்று வந்தது இதே மரபணுதான். முடிவு வந்த அன்றே தொலைபேசியில் அவன் ஒன்று கேட்டான். "நேர்ல வா, காட்டுறேன்" என்றிருந்தாள்.

"எலிக்கு இவ்ளோ அழகா மூளையா? மாமாவுக்குக் கொஞ்சம் குடுத்திருக்கலாம்."

அக்கா தன் கணவனை நினைத்துச் சிரித்தாள்.

மீன் கிடங்கில் மூக்கைச் சுளிக்காமல் வேலை பார்ப்பவன் அவன் ஒருவன்தான். காரணம் அக்காவுக்கு மட்டுமே தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அவர்கள் சிறுவயதில் அம்மாவுக்குப் பேக்கரியில் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், பூட்டிய வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றபடி, "இன்னைக்கு எம்மேல என்ன வாசனை, சொல்லுங்க பாப்போம்" என்பாள். அக்கா மோப்பம் பிடித்து, தம்பியின் முதுகில் விரலால் எழுதுவாள். வெண்ணெய். பட்டை. கருகிய சர்க்கரை. அவன் முந்திக்கொண்டு கத்துவான்.

"என் பிள்ளைக்கு என்னா மூக்கு!" என்று அம்மா தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள். அந்தப் பெருமையோடேயே போய்ச் சேர்ந்தாள்.

தொலைபேசியில் கேட்டதையே தம்பி இப்போது மறுபடி கேட்டான். முகத்தை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை.

"கைக்குழந்தையா இருந்தப்பவாவது அம்மா வாசனை எனக்கு வந்திருக்குமாக்கா? ஒரு தடவ?"

"நீ பாக்குறது உன்ன மாதிரியே பழுதுள்ள கருதான். ஊதா தெரியுதுல்ல? வந்திருக்கும்டா. அப்புறம்தான் அணைஞ்சு போயிருக்கும்."

அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருமுறை மூக்கை உறிஞ்சினான்.

பழுதுள்ள கருவின் கண்ணாடித் தகடு அவளுடைய மேலங்கிப் பைக்குள் இருந்தது. அதில் ஊதா ஒரு பொட்டுகூட இல்லை.