பச்சை முட்டை

பெரியவளான மூன்றாம் நாள், பச்சை முட்டையைக் கண்டதும் தர்ஷினி வாயை இறுக மூடிக்கொண்டாள். "இடுப்புக்குப் பலம்டி, முழுங்கு." அம்மா செல்வராணி அவள் மூக்கைப் பிடித்தாள். மூச்சு முட்டி வாய் திறந்ததும் ஊற்றிவிட்டாள். மேலே நல்லெண்ணெய்.

இப்போது ஆஸ்பத்திரியில், வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகக் கிடக்கிறாள்.

"முட்டையில இருந்த கிருமிதாம்மா. அது குடல் செல்லை உடைச்சிக்கிட்டு நுழையாது. ஏமாத்தும். செல்லே கையை நீட்டி, அணைச்சு, உள்ள இழுத்துக்கும்" என்றார் டாக்டர்.

"அதுவாவா திறந்துக்கும்?"

"ஆமா."

"எம்மக திறக்கலையே சார்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

செல்வராணி ஒரு ஸ்பூன் கஞ்சியை எடுத்து நீட்டினாள். தர்ஷினி, தானே தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.