மானேஜரும் மொட்டைக் கடுதாசியும்

"எழுதினது யாருன்னு தானா ஒத்துக்கிட்டா மரியாதை. நானா கண்டுபிடிச்சேன்னா அந்த நிமிஷமே வேலை போச்சு" என்றார் மானேஜர்.

அவர் கையில் இருந்தது முதலாளிக்கு வந்த மொட்டைக் கடுதாசி. தையல் கூடத்தின் பின்கதவை மானேஜர் நாள் முழுக்கப் பூட்டியே வைக்கிறார், தீப்பிடித்தால் அறுபது பெண்களும் எந்த வழியாக ஓடுவது என்று அதில் கேட்டிருந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் மானேஜருக்குக் கதவா பெரிது? ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளி முன்னால் எல்லோரும் கடிதத்தின் முதல் வரியை எழுதிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. கூடம் பெருக்கும் அக்காவும் வரிசையில் வந்து நின்றாள். மானேஜருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நீ எங்கம்மா வந்தே? வேலையில சேரும்போது கைநாட்டு வெச்ச ஆளு. போய்க் குப்பைக்கூடையைக் காலி பண்ணு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்டால்தானே!

கூடை வழிந்துகொண்டுதான் இருந்தது. எந்த அறிவிப்பையும் நாலு தடவை எழுதிக் கசக்கிப் போட்டுவிட்டு, ஐந்தாவதைத்தான் எல்லோருக்கும் உரக்க வாசித்துச் சுவரில் ஒட்டுவார் மானேஜர். கையெழுத்தில் அவ்வளவு பெருமை. 'ழ'வுக்குத் தன்னைப் போல வால் போட இன்னொருத்தன் பிறந்து வரவேண்டும் என்பார்.

முதலாளி அறுபது தாள்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. அலுத்துப்போய் நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். எழுந்து போய், அங்கிருந்த அறிவிப்பின் பக்கத்தில் கடிதத்தைப் பிடித்தார். அதே சாய்வு, அதே வால்.

"ஏங்க, மனசு உறுத்துச்சுன்னா நேர்ல சொல்லியிருக்கலாமே? உங்களைப் பத்தி நீங்களே மொட்டைக் கடுதாசி போடுவீங்களா?"

தான் எழுதவே இல்லை என்று மானேஜர் பதறினார். பிள்ளைகள் மேல் சத்தியம் என்றார். எழுதினவருக்கு வேலை இல்லை என்று சொன்னதே நீங்கள்தானே என்று முதலாளி சாவிக்கொத்தைப் பிடுங்கி, பின்கதவைத் திறந்துவிடும்படி அக்காவிடம் நீட்டினார்.

திறந்துவிட்டு வந்த அக்கா, கூடையில் கசங்கிக் கிடந்த தாள்களை வழக்கம்போல நீவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நாலு வருஷமாக மானேஜர் வாசிப்பதைக் காதில் வாங்கி, அவர் கசக்கிப் போட்டதை வீட்டில் விரித்துவைத்துப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் அவள் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே கையெழுத்து அவருடையதுதான்.